பன்னிரண்டாவது பதில்

டென்பி கவுண்டியின் பழைய நீதிமன்றக் கட்டடத்தை அந்த அக்டோபரில் அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தோம். நீதிக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பர்கூவுக்கு. ஆட்டுக்கறி, கோழி, மக்காச்சோளம், கையில் அகப்பட்ட மற்றதெல்லாம் ஒரே இரும்புக் கொப்பரையில் பதினெட்டு மணி நேரம் கொதித்தால் கிடைக்கும் குழம்பு அது. எங்கள் ஊர் உலகத்துக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். பக்கத்து கவுண்டிக்காரர்கள் அதையும் தாங்கள்தான் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள்.

அருங்காட்சியகத்துக்கு நீதிபதி ஹோபர்ட் கட்ஷாவின் பெயர். முப்பத்தொரு வருடம் அந்தக் கட்டடத்தில் தீர்ப்புச் சொன்னவர். ஆனால் வாசலில் நிற்கும் வெண்கலச் சிலையின் கையில் இருப்பது சட்டப் புத்தகம் அல்ல, பர்கூ கிண்டும் மரத் துடுப்பு. சிற்பிக்கு எங்கள் ஊரைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் ஆர்லோ டாக்கெட். அங்கே இருபத்தாறு வருடம் நீதிமன்றக் காவலராக இருந்தேன். "எல்லாரும் எழுந்திருங்க" என்று கத்துவது, ஜூரிகளைச் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் கூட்டிப் போவது, நீதிபதிக்குத் தண்ணீர் வைப்பது. இடுப்பில் துப்பாக்கி இருந்தது. அதை உறையிலிருந்து எடுத்தது ஒரே ஒரு தடவை, கூரையில் புகுந்த வௌவாலைப் பயமுறுத்த. ஓய்வுபெற்ற பிறகு அருங்காட்சியகத்தின் கௌரவக் காப்பாளர் என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். அதாவது சாவி என்னிடம் இருக்கும், ஒட்டடையும் நானே அடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒட்டடைக் கம்போடு நின்றிருந்தபோது மேவிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். நீதிமன்ற ஆவணங்களுக்கெல்லாம் பொறுப்பானவள். எனக்கும் அவளுக்கும் நாற்பது வருடப் பழக்கம்.

"யோவ் ஆர்லோ, லூயிவில்லேருந்து ஒரு வக்கீலம்மா வருது. பழைய பெட்டியெல்லாம் பாக்கணுமாம். உத்தரவு வாங்கிட்டு வருது. ஒழுங்கா ஒரு சட்டையப் போட்டுக்க."

எந்த வழக்கு என்று கேட்டேன்.

"டெல்மர் ப்ரூயிட்."

ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது சரிந்து விழுந்தது. மறுபடியும் சாய்த்தேன்.

வக்கீலம்மாவின் பெயர் கோரா விட்லோ. நாற்பது வயதிருக்கும். மழைச் சேறு படிந்த சின்னக் கார், அதன் பின்னிருக்கை முழுவதும் காகிதம். சிலையைப் பார்த்து ஒரு கணம் நின்று, "இவரு சமையல்காரரா?" என்று கேட்டாள். நீதிபதி என்றேன். "ரெண்டாவதா வேற தொழிலும் பார்த்தாரா?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அவளை எனக்குப் பிடித்துப்போனது. அது எனக்கு நல்லதில்லை.

வழக்கு எனக்குத் தெரியாததல்ல. 1994 ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் புகையிலைக் கிடங்கு எரிந்தது. உள்ளே காவலுக்குப் படுத்திருந்த கிழவர் செத்துப்போனார். இரண்டு வாரம் முன்புதான் டெல்மர் ப்ரூயிட்டை அங்கே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அவனுக்கு அப்போது இருபது வயது. அவனுடைய டிரக்கைப் போல ஒரு டிரக்கைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போல. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அக்டோபரில் ஆயுள் தண்டனை. இருபத்தேழு வருடமாக உள்ளே இருக்கிறான்.

கோரா விட்லோ பையிலிருந்து ஒரு கடித நகலை எடுத்துக் காட்டினாள். அந்த வழக்கின் பன்னிரண்டாவது ஜூரி, ஐடெல்லா க்ரூம் என்ற விதவை, சாவதற்கு முன் எழுதி, சமையல் குறிப்பு நோட்டுக்குள் வைத்திருந்தது. மகள் இப்போதுதான் கண்டெடுத்திருக்கிறாள். அதில் இருந்தது ஒரே வரி: *நான் ஆமாம் என்று சொல்லவில்லை.*

தீர்ப்பை வாசித்த பிறகு, எதிர்த்தரப்பு கேட்டால், ஜூரிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "இது உங்க தீர்ப்புதானா?" என்று கேட்பார்கள். பன்னிரண்டு பேரும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் அந்தத் தீர்ப்பு செல்லாது. டெல்மர் வழக்கின் தட்டச்சுப் பிரதியில் பன்னிரண்டு "ஆமாம்" ஒழுங்காக வரிசையில் நின்றன. அந்தப் பிரதியில் நீதிபதி கட்ஷாவின் கையெழுத்து, கொப்பரையைப் போல வட்டமாக.

"செத்தவங்க கடுதாசிய வச்சு ஒண்ணும் பண்ண முடியாது ஐயா" என்றாள். "அன்னிக்கு சுருக்கெழுத்து எடுத்தது யாரு?"

வெர்லீன் ஸ்டாம்பர் என்றேன். அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

வெர்லீனின் அறை மூன்றாம் மாடியில். மின்சாரம் துண்டித்துவிட்டார்கள். ஆனால் பட்டப்பகல், பெரிய ஜன்னல்கள். படிகளில் ஏறும்போது வக்கீலம்மா பேசிக்கொண்டே வந்தாள். வெள்ளிக்கிழமை மாடியைக் காலி செய்து எல்லாவற்றையும் எரித்துவிடப் போகிறார்களாமே, நல்லவேளை மூன்று நாள் முன்னால் வந்தேன் என்றாள். நான் தலையை ஆட்டினேன். எரிக்க ஏற்பாடு செய்தது நான்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தை நடத்தும் பர்கூ கமிட்டியில், இடம் வேண்டும் என்று சொன்னேன். கைதட்டினார்கள்.

கதவைத் திறந்ததும் அந்த வாசனை.

கற்பூரத் தைலம்.

வெர்லீன் மணிக்கட்டு வலிக்குத் தினமும் காலையில் அதைத் தடவிக்கொள்வாள். அவள் செத்து இருபத்தேழு வருடம். ஜன்னல் ஒன்றின் கண்ணாடி உடைந்து, பத்து வருடமாகக் காற்றும் புறாவும் வந்துபோகிற அறை.

"யாராவது ஒடம்பு சரியில்லாதவங்க இங்க இருந்தாங்களா?" என்று வக்கீலம்மா மூக்கைச் சுருக்கினாள்.

பெட்டி எங்கே இருக்கிறது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. வைத்தது நான். விசையைத் தட்டினால் காகித நாடாவில் குறி விழும் வெர்லீனின் சுருக்கெழுத்து எந்திரம், அதன் கறுப்புக் கூட்டுக்குள் இருந்தது. பின்பக்கத் தட்டில், அவள் செத்த அன்று மாட்டியிருந்த காகித நாடா மடிப்பு மடிப்பாக அப்படியே. பக்கத்தில் ரப்பர் பட்டை போட்ட இன்னொரு கட்டு, மேலே அவள் கையெழுத்தில் *ப்ரூயிட், தீர்ப்பு நாள்*. வக்கீலம்மா கையுறை மாட்டிக்கொண்டாள். நாடாக்களைப் பிரிக்காமல், எந்திரத்தை அதன் நாடாவோடு ஒரு பெரிய உறையிலும் கட்டை இன்னொரு உறையிலும் போட்டு, முத்திரை ஒட்டி, என்னிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினாள்.

பிறகு நிமிர்ந்து, சாதாரணமாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க கோர்ட்ல இருந்தீங்கள்ல ஐயா? பன்னெண்டாவது ஜூரி பதில் சொன்னாங்களா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டக்.

உறைக்குள் வைத்த எந்திரத்திலிருந்து வந்தது. பலமான சத்தம் இல்லை. நகத்தால் மரத்தைத் தட்டுவது போல.

டக்.

டக்.

வினாடிக்கு ஒன்று.

"தண்ணி சொட்டுதா?" என்று அவள் கூரையைப் பார்த்தாள்.

அது தண்ணீர் இல்லை என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். வெர்லீனுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடம் நின்றவன் நான். மற்ற சுருக்கெழுத்தர்கள் யாராவது பேசினால் எழுதுவார்கள், பேசாவிட்டால் கையைத் தூக்கிவிடுவார்கள். வெர்லீன் தூக்க மாட்டாள். ஒருவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் நின்றால், அவர் சொல்லும்வரை ஒரே ஒரு விசையைத் தட்டிக்கொண்டிருப்பாள், வினாடிக்கு ஒரு தட்டு. நாடாவில் ஒற்றைக் குறி ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கும். இதை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, தட்டச்சுப் பிரதியிலும் அது வராது. அவளுக்கு மட்டுமான வழக்கம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பேசறவன விட பேசாதவன்தான்யா ஜாஸ்தி சொல்றான்" என்றாள். சாட்சிக் கூண்டில் நிற்கிறவர்கள் அந்தத் தட்டலைக் கேட்டு வியர்த்து நான் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல வந்த ஆடு திருடன் ஒருவன் ஒன்பதாவது தட்டில் அழுதுவிட்டான்.

டக்.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

உறைக்குள் படபடவென்று ஒரு சின்ன ஓட்டம். இரண்டு மூன்று வார்த்தை எழுதும் நேரம்.

பிறகு அமைதி.

வக்கீலம்மா மெதுவாக உறையைக் கீழே வைத்தாள். முத்திரை அப்படியே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். படித்தவர்கள் எப்படிச் சமாளிப்பார்களோ அப்படிச் சமாளித்தாள். "பழைய எந்திரம். ஸ்பிரிங் ஏதாவது இருக்கும்" என்றாள். ஆனால் படிகளில் இறங்கும்போது எந்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். கார் வரைக்கும் நான்தான் சுமந்தேன். கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

விசாரணை ஜனவரியில். எங்கள் புதிய நீதிமன்றம் முன்பு மளிகைக் கடையாக இருந்த கட்டடம். நீதிபதி உட்காருமிடத்தில்தான் உறைந்த மீன் வைத்திருந்தார்கள். எத்தனை தேக்குப் பலகை அடித்தும் வெயில் நாளில் அந்த நாற்றம் தெரியும். குளிர்காலத்தில் கண்ணியமாக இருக்கும்.

டெல்மர் ப்ரூயிட்டை ஆரஞ்சு உடையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நாற்பத்தேழு வயதில் தலை முழுக்க நரைத்துவிட்டது. கைகளை மேஜைமேல் கவிழ்த்து, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் பழகிய பிள்ளை மாதிரி இருந்தான்.

அரசாங்கத் தரப்பில் நாடா படிக்க ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட, நிதானமான பெண். தீர்ப்பு நாள் நாடாவைப் படித்தார். ஒன்று முதல் பதினொன்று வரை ஜூரிகளின் பெயர், கேள்வி, ஆமாம். பன்னிரண்டாவதாக ஐடெல்லா க்ரூம் பெயர், கேள்வி. அதன் பிறகு ஒற்றைக் குறி நாற்பத்தொரு வரி. பிறகு நீதிபதி கட்ஷாவின் குரல்: *பன்னிரண்டு பேரும் ஆமாம் என்றதாகப் பதிவு செய்யவும்.*

மண்டபத்தில் சலசலப்பு. அரசாங்க வழக்கறிஞர் எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். பெரிய விஷயம் சொல்வதற்கு முன் அவர் அப்படிச் செய்வார். எந்திரத்தில் விசை சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான் என்றார். அந்த அம்மாள் சொன்ன "ஆமாம்" அதில் அடிபட்டுப்போயிற்று. ஆதாரமா? இதோ, எந்திரத்தின் தட்டிலேயே இருந்த இரண்டாவது நாடா. இரண்டு மாதம் கழித்து மாட்டியது. முழுக்க முழுக்க அதே குறி. நூற்றுக்கணக்கான வரி. எந்திரத்துக்கே அந்த வியாதி இருந்திருக்கிறது.

எனக்குத் தெரியும் அந்த இரண்டாவது நாடா என்ன என்று.

வெர்லீன் தட்டச்சுப் பிரதியில் பன்னிரண்டாவது பெயருக்கு எதிரே "பதில் இல்லை" என்று அடித்து நீதிபதிக்கு அனுப்பினாள். திரும்பி வந்தது. மறுபடி அதையே அடித்து அனுப்பினாள். திரும்பி வந்தது. டிசம்பர் மாதம் ஒரு நாள் காலை, நான் மூன்றாம் மாடிக்குக் காப்பி கொண்டுபோனபோது, தலையைத் திருப்பாமலே கேட்டாள். "ஆர்லோ, நீ பார்த்தல்ல? நீதான பக்கத்துல நின்ன. ஒரு வார்த்த எழுதிக் குடுப்பியா?"

நான் காப்பியை வைத்துவிட்டு நின்றேன். அவள் விரல் எந்திரத்துக்குப் போனது.

டக். டக். டக்.

நான் இறங்கி வந்துவிட்டேன். மதியம் போனபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்திருந்தாள். இருதயம் என்றார்கள். நாடா தட்டு நிறைந்து, தரையில் வழிந்து, அவள் செருப்பைச் சுற்றிக் கிடந்தது. அதை மடித்துத் தட்டில் திரும்ப வைத்தது நான். தட்டச்சுப் பிரதியை வேறு யாரோ நீதிபதிக்குப் பிடித்த மாதிரி அடித்துக் கொடுத்தார்கள்.

நிபுணர் இரண்டாவது நாடாவை மடிப்பு மடிப்பாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆமாம், ஒரே குறிதான், ஆமாம், இங்கேயும், என்று சலிப்போடு சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசி மடிப்பில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசியில கொஞ்சம் வார்த்தை இருக்குங்க."

படிக்கச் சொன்னார் இப்போதைய நீதிபதி.

"கேள்வி: பன்னிரண்டாவது ஜூரி பதில் சொன்னார்களா." நாடாவை இன்னும் கிட்டே பிடித்தார். "அப்புறம் ஆறு குறி. அப்புறம் பதில்: ஞாபகம் இல்லை அம்மா."

வக்கீலம்மாவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். மூன்று மாதமாக அவளுடைய முத்திரைக்குள், பூட்டிய அலமாரியில் இருந்த நாடா. அவள் அதைப் பற்றி நீதிபதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? திரும்பி, பெஞ்சுகளில் என்னைத் தேடி, பெயர் சொல்லிச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தாள்.

கூண்டிலிருந்து பார்த்தால் நீதிமன்றம் வேறு மாதிரி இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் அந்தப் பக்கம் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எதிரே மேவிஸ். பின்னால் பர்கூ கமிட்டி முழுவதும், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு. சான்றுப் பொருள் மேஜையில் எந்திரம். பக்கத்தில் இந்தக் காலத்துச் சுருக்கெழுத்துப் பெண், மடிக்கணினி போன்ற ஒன்றை வைத்து. அதில் தட்டினால் பூனை நடப்பது மாதிரி, சத்தமே வராது.

வக்கீலம்மா கேட்டாள். "அக்டோபர் பதினாலாம் தேதி, மூணு மணி முப்பத்தெட்டு நிமிஷம். ஐடெல்லா க்ரூம் எழுந்து நின்னாங்க. என்ன பதில் சொன்னாங்க, டாக்கெட் ஐயா?"

கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். நம்ம ஆர்லோ, விவரமானவன் என்கிற மாதிரி.

டக்.

சுருக்கெழுத்துப் பெண் குனிந்து தன் கருவியைப் பார்த்தாள்.

டக்.

அவள் இரண்டு கைகளையும் காற்றில் தூக்கினாள், நான் இல்லை என்று காட்டுவது போல.

டக்.

"யார் அது சத்தம் போடறது?" என்றார் நீதிபதி. யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் அது தொடர்ந்தது. மீன் நாற்றத்துக்குப் பழகிய மூக்கில் கற்பூரத் தைலம் ஏறியது. மேவிஸ் சட்டென்று கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள். அவளும் வெர்லீனைத் தெரிந்தவள்.

டக்.

டெல்மர் ப்ரூயிட் எந்திரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். உறுத்துப் பார்க்கவில்லை. சும்மா, பேருந்துக்குக் காத்திருக்கிறவனைப் போல.

ஒன்பதாவது தட்டில் ஆடு திருடன் அழுதான் என்று சொன்னேன் அல்லவா. நான் காவலர், எனக்குப் பதினேழு ஆனது.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

தட்டல் நின்று, படபடவென்று ஓடியது.

"வாய மூடிக்கிட்டு நின்னாங்க. தலைய இப்பிடி ஆட்டினாங்க, இல்லன்னு. நீதிபதி கட்ஷா கடிகாரத்தப் பார்த்தாரு. அன்னிக்கு பர்கூ விழா, நாலு மணிக்கு மைதானத்துல கொப்பரைய மொதல் கிண்டு கிண்டணும் அவரு. ஊரே காத்துக்கிட்டிருந்துச்சு, டெல்மரோட வக்கீலும்கூட. என்னப் பார்த்தாரு. நான் போயி அந்தம்மா தோள்ல கை வச்சு அழுத்தினேன். உக்காந்துட்டாங்க."

நான் பேசப் பேச எந்திரம் கூடவே ஓடியது. எல்லோருக்கும் கேட்டது. அந்தக் குறி எதற்கு என்றும் சொன்னேன். வெர்லீன் எப்படித் தட்டுவாள் என்பதைக் கூண்டின் மரத்தில் விரலால் தட்டிக் காட்டினேன். நான் தட்டி நிறுத்திய பிறகு, மேஜையிலிருந்து இன்னும் ஒரே ஒரு தட்டு வந்தது.

வக்கீலம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. அரசாங்க வழக்கறிஞர் எழுந்தார், பொத்தானைத் தொட்டார், உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு ரத்தாயிற்று. மறுபடி வழக்கு நடத்த அரசாங்கத்திடம் அந்த "போல" இருந்த டிரக்கைத் தவிர ஒன்றுமில்லை, அதைச் சொன்னவரும் செத்துப்போயிருந்தார். மார்ச்சில் டெல்மர் வெளியே வந்தான். எந்திரமும் நாடாக்களும் எங்கள் மாநிலத் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் மேல் நீதிமன்றப் பாதுகாப்பு அறைக்குப் போய்விட்டன. அருங்காட்சியகத் திறப்பைத் தள்ளிப்போட்டார்கள். சிலைக்கு ஒரு துணியைப் போர்த்தினார்கள். துடுப்பு மட்டும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கௌரவக் காப்பாளர் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒட்டடை அடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று மேவிஸ் சொன்னாள்.

"நல்லா தூங்கறியாய்யா இப்ப?" என்று கேட்டாள். தூங்கினேன். பொய் சொல்லவில்லை. மார்ச், ஏப்ரல் முழுவதும் குழந்தையைப் போலத் தூங்கினேன்.

மே மாதம் ஒரு காலை, பத்து மணி இருக்கும், வெயில் நன்றாக ஏறியிருந்தது. வாசலில் டெல்மர் நின்றிருந்தான். புதுச் சட்டை, மடிப்பு கலையாதது. தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். கதவை நான் திறந்த பிறகும் உள்ளே வரச் சொல்லும்வரை நின்றான். சிறையில் கதவுகளைத் தானாகக் கடக்கக் கூடாது.

காப்பி கொடுத்தேன். குடித்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை எதிர்பார்த்து முகத்தைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவன் கணப்பு அடுப்புக்கு மேலே சுவரைப் பார்த்தான். அங்கே ஒரு மரத் துடுப்பு மாட்டியிருக்கிறது. ஹிக்கரி மரம், ஐந்தடி நீளம், பித்தளைத் தகடு. தகட்டில் என் பெயரும் ஒரு தேதியும். அக்டோபர் 14, 1994.

டெல்மர் அந்தத் தேதியை வெகுநேரம் படித்தான். பிறகு கோபமில்லாமல், சின்னப் பிள்ளை பாடத்தில் புரியாததைக் கேட்பது போலக் கேட்டான்.

"எதுக்காக ஐயா சும்மா இருந்தீங்க, இத்தன வருஷமா?"

அதை நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்றுதான் கேட்டார்கள்.

பதில் எனக்குத் தெரியும். அன்று தீர்ப்பு முடிந்ததும் நீதிபதி கட்ஷா கறுப்பு அங்கியைக்கூடக் கழற்றாமல் மைதானத்துக்கு நடந்தார். வழியில் என் தோளில் கை போட்டார். இரண்டாவது துடுப்பை என்னிடம் நீட்டி, "வாடா ஆர்லோ, ரெண்டு பேரும் சேந்து கிண்டுவோம்" என்றார். முதல் கிண்டு பெரிய மனிதர்களுக்கு மட்டும் உரியது. வங்கிக்காரர், டாக்டர், மேயர். ஒரு காவலன் அதற்கு முன் தொட்டதில்லை. ஊர் கைதட்டியது. என் மனைவி கூட்டத்தில் நின்று அழுதாள், சந்தோஷத்தில். நாற்பத்தொரு வினாடி வாய்மூடி நின்ற அந்த விதவை, மைதானத்தின் ஓரமாகத் தலைகுனிந்து நடந்து போவது கொப்பரை ஆவிக்குள் தெரிந்தது. நான் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அதற்காகத்தான். பயமில்லை, மிரட்டலில்லை, பணமில்லை. இவன் இருபது வயதிலிருந்து நாற்பத்தேழு வயது வரை உள்ளே இருந்ததற்கு ஈடாக, என்னிடம் இருந்தது ஒரு குழம்புத் துடுப்பு. கொலைகாரனாக இருந்தால்கூட நிமிர்ந்து நின்று சொல்லிவிடலாம். இவ்வளவு சின்னக் காரணத்தை ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டெல்மர் காத்திருந்தான். காத்திருப்பதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. என் காப்பி ஆறி ஆடை படிந்தது. கடைசியில் தொப்பியை எடுத்துக்கொண்டு, "பரவால்ல ஐயா. இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் கதவைச் சாத்தினேன்.

அறையில் கற்பூரத் தைலம்.

டக்.

எந்திரம் எண்பது மைலுக்கு அப்பால், இரும்பு அறைக்குள் இருக்கிறது. வக்கீலம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். முத்திரை அப்படியே இருப்பதாகச் சொன்னாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. "ஐயா," என்றாள் தாழ்ந்த குரலில், "உங்க வீட்ல தண்ணி சொட்டுதா?"

டெல்மரின் வீடு இங்கிருந்து இரண்டு மைல். மூன்று தடவை காரை எடுத்தேன். மூன்று தடவையும் அவன் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். துடுப்பைக் கழற்றிப் பரண்மேல் போட்டுப் பார்த்தேன். தட்டல் நிற்கவில்லை.

இன்று காலை காப்பி போடச் சமையலறைக்குப் போனேன். மேஜைமேல், டெல்மர் அன்று குடித்த கோப்பையின் வளையக் கறைக்குப் பக்கத்தில், ஒல்லியான காகித நாடா ஒன்று மடிப்பு மடிப்பாக இருந்தது. விரித்தேன். முதல் வரியில் அவன் கேள்வி இருக்க வேண்டும். சுருக்கெழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. அதன் கீழே ஒற்றைக் குறி, ஒன்றன் கீழ் ஒன்றாக, மேஜையிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, வாசல் கதவின் அடியில் நுழைந்து வெளியே போயிருந்தது.

கதவைத் திறந்து பார்த்தேன். படிகளில் இறங்கி, தெருவில், டெல்மர் வீட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அதன் இந்த முனை, என் விரல்களுக்கு நடுவில், அந்தப் பக்கமாக வினாடிக்கு ஒரு வரி நகர்ந்துகொண்டிருந்தது.